ஊரிகத்துக் காலைப் பலகாரம்

கே.ஜி.எஃப். என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு 2018இல் வந்த கன்னடத் திரைப்படம்தான் நினைவுக்கு வருகிறது. நம் தலைமுறைக்கு அது தங்கவயல். படித்தவர்கள் கேட்டால் சுரங்கத்தின் ஆழம், எடுத்த தங்கத்தின் எடை, மூடிய ஆண்டு ஆகியவற்றைச் சொல்வார்கள். தங்கத்தின் வரலாறு பல நூல்களில் ஏறிவிட்டது. அதைத் தோண்டியவர்கள் காலையில் எங்கே உட்கார்ந்து, என்ன சாப்பிட்டார்கள் என்பது எந்த நூலிலும் விரிவாக இல்லை. அந்தக் குறையில் ஒரு சிறு பங்கையாவது நீக்கும் முயற்சியே இக்கட்டுரை. தங்கவயலின் நடுப்பகுதியான ஊரிகத்தை மையமாக வைத்து, குடும்பத்தார் நடத்திய இட்டலிக் கடைகளைப் பற்றி எழுதுகிறேன். அரிசி, உளுந்து வியாபாரத்துக்காக அந்தப் பக்கம் முப்பது ஆண்டுக்கு மேல் போய் வந்தவன் என்ற தகுதி ஒன்றுதான் எனக்கு உண்டு.

சொல்லும் பொருளும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். தங்கவயல் தமிழர் காலை உணவை 'நாஷ்டா' என்பார்கள். வடஆர்க்காட்டிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இதே வழக்குதான். இது பாரசீகத்திலிருந்து உருது வழியாக நமக்கு வந்த சொல். பாரசீகத்தில் 'நாஷ்தா' என்பது காலையிலிருந்து ஒன்றும் உண்ணாதிருக்கும் நிலையைக் குறித்தது. பிறகு அந்நிலையை முடிக்கும் உணவுக்கே அது பெயராகிவிட்டது.

நாம் சொல்லும் 'பலகாரம்' என்பதன் மூலம் 'பலாகாரம்', அதாவது பழ உணவு. விரத நாளில் சோறு தவிர்த்து உண்பது என்பது அதன் பொருள். விரதத்தோடு ஒட்டிப் பிறந்த அந்தச் சொல்தான் இன்று இட்டலி, தோசை, வடை எல்லாவற்றையும் சுமக்கிறது.

எங்கள் சமண வீடுகளில் மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. அது 'பாரணை'. நோன்பு இருந்தவர் நோன்பை முடித்து உண்ணும் முதல் உணவு அது. ஆதிபகவனாகிய விருடப தேவர் நெடுங்காலம் உண்ணாதிருந்து, அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கையால் கரும்புச் சாறு பெற்றுப் பாரணை செய்த நாள் அட்சய திருதியை. இன்று ஊரெல்லாம் தங்கம் வாங்க நகைக் கடை வாசலில் நிற்கிற அதே நாள்தான்! எங்களுக்கு அது பசித்தவருக்கு உணவு கொடுத்த நாள். தங்கம் விளைந்த ஊரில் உணவைப் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு இந்த ஒற்றுமை பெரிய ஊக்கமாக இருந்தது.

இட்டலியின் பழமை

வெளியில் வாங்கிச் சாப்பிடுவது நேற்றைய பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைச் சொல்லுமிடத்தில் காழியரையும் கூவியரையும் குறிக்கிறது. காழியர் பிட்டு விற்போர், கூவியர் அப்பம் விற்போர். துறைமுகத்தில் உழைப்பவனுக்கும் வழிப்போக்கனுக்கும் சுடச்சுட உணவு விற்ற குடும்பங்கள் அன்றே இருந்தன எனலாம்.

இட்டலியைத் தேடினால் நாம் கன்னட நாட்டுக்கே போக வேண்டியிருக்கிறது. சிவகோட்யாசாரியர் கி.பி. 920ஐ ஒட்டி இயற்றிய 'வட்டாராதனே' என்னும் கன்னட உரைநடைச் சமண நூலில் 'இட்டலிகெ' என்று வருகிறது. சுமார் 1025இல் எழுதப்பட்ட 'லோகோபகாரம்' செய்முறையையும் தருகிறது. உளுந்தை மோரில் ஊறவைத்து, அரைத்து, தயிரின் தெளிநீர் விட்டு, சீரகம், கொத்துமல்லி, மிளகு, பெருங்காயம் சேர்க்க வேண்டும் என்பது அதன் முறை. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' (சுமார் 1130) இதனை 'இட்டரிகா' என்கிறது. இம்மூன்றிலும் அரிசி இல்லை, மாவை இரவெல்லாம் புளிக்க வைப்பதும் இல்லை என்பதை உணவு வரலாற்றறிஞர் கே.டி. ஆசயா எடுத்துக் காட்டியிருக்கிறார். அரிசி சேர்ந்து, புளித்து, ஆவியில் பூவாக மலரும் இட்டலி அதற்குப் பிந்திய வளர்ச்சி.

கோலாருக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பும் சுரங்கத்தோடு தொடங்கியதன்று. பழைய குவளாலபுரமே இன்றைய கோலார், கங்க மன்னர்களின் முதல் தலைநகரம். சோழர் காலத்தில் இப்பகுதி நிகரிலிச் சோழமண்டலம் எனப்பட்டது. கோலாரம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. நாம் பள்ளியில் படித்த நன்னூலைச் செய்த பவணந்தி முனிவரை ஆதரித்த சீயகங்கனும் குவளாலபுரத்தைத் தன் பட்டப்பெயரில் தாங்கியவனே. எனவே தங்கவயலுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் முன்பின் தெரியாத மண்ணில் கால் வைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

சங்கும் அடுப்பும்

1880இல் ஜான் டெய்லர் அன் சன்ஸ் நிறுவனம் இங்கே கால் ஊன்றியது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் என நான்கு பெரிய சுரங்கங்கள் எழுந்தன. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்து அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்! தண்ணீர் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது.

ஆட்கள் வடஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பக்கமிருந்து வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத ஆதிதிராவிட மக்கள். மூங்கில் தட்டி வீடுகளில் வாழ்ந்து, கேழ்வரகுக் களியும் கூழும் குடித்து, பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் பின்னாளில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். பாறை வெடித்துச் சிதறுவதும், கல்தூசு நுரையீரலில் படிவதும் அவர்கள் வாழ்க்கையின் பகுதி.

கிராமத்தில் உழவனுக்குச் சூரியன்தான் கடிகாரம். தங்கவயலில் சங்கு ஊதினால்தான் பொழுது. ஷிப்ட் முறை வந்தவுடன் வீட்டுச் சாப்பாட்டின் நேரம் குலைந்துவிட்டது. ஒரே வீட்டில் அப்பா இறங்கும் நேரம் மகன் ஏறுவான். பெண்டாட்டி யாருக்கு எப்போது உலை வைப்பது? தனியாக வந்த ஆளுக்கோ அடுப்பே கிடையாது. இந்த இடைவெளியில் பிறந்தவைதான் லைன் முனையிலும், ரயில் நிலையத்துப் பக்கத்திலும், சுரங்கத்துக்குப் போகும் வழியிலும் முளைத்த இட்டலிக் கடைகள். அமெரிக்காவில் 1872இல் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் உணவு வைத்து, பத்திரிகை அலுவலக இரவு வேலைக்காரர்களுக்கு விற்றார். அந்நாட்டுச் சிற்றுண்டிச் சாலைகளின் மூலம் அதுவே என்கிறார்கள். இரவில் உழைக்கிறவன் இருக்குமிடத்தில் அவனுக்காக ஓர் அடுப்பு எரியத்தான் செய்யும்.

எங்கள் மரபில் இரவு உணவு விலக்கு. சூரியன் எழுந்த பிறகே வாயில் உணவு படும். சுரங்கத்தாரோ சூரியன் எழுமுன் சாப்பிட்டுவிட்டு இருட்டுக்குள் போகிறவர்கள். அதனால் நான் போய் உட்காரும் நேரம் இரவு ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்கள் உட்காரும் நேரமாக அமைந்துவிட்டது. குளித்தும் கண்ணோரத்தில் தூசு ஒட்டியிருக்கும். முதல் நாலு இட்டலி வரைக்கும் யாரும் பேச மாட்டார்கள். ஐந்தாவது இட்டலிக்குச் சாம்பார் ஊற்றும்போதுதான் பேச்சு பிறக்கும். எட்டு இட்டலி, இரண்டு வடை, மேலே ஒரு தோசை என்று சாப்பிடுவார்கள். பார்க்கிற நமக்கே வயிறு நிறையும்.

கடையின் கணக்கு

வியாபாரி என்பதால் கணக்கையும் சொல்கிறேன். ஒரு கிலோ புழுங்கல் அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. இதில் ஐம்பது, அறுபது இட்டலி காணும். எண்ணெய்ச் செலவு இல்லை. ஒரே ஈட்டில் பல பேருக்குப் பரிமாறலாம். தோசைக்கு ஒவ்வொன்றாகக் கல்லின்முன் நிற்க வேண்டும். சங்கு ஊதுவதற்குள் ஐம்பது பேரை அனுப்ப வேண்டிய கடைக்கு இட்டலிதான் கைகொடுக்கும். உளுந்து புதிதாக இருந்தால் மாவு பொங்கி வரும், பழசானால் கல் மாதிரி உட்கார்ந்துவிடும். எங்கள் சரக்கை முகர்ந்து பார்த்தே கடைக்காரம்மா சொல்லிவிடுவார்: "நயினாரே, இது போன வருசத்து உளுந்து. எனக்கு வேணாம்." சமணர்களை எங்கள் பக்கம் நயினார் என்றுதான் அழைப்பார்கள்.

ஊரிகம் சுமார் 2,800 அடி உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் மாவு லேசில் புளிக்காது. குண்டானைச் சாக்கில் சுற்றி, அணைந்த அடுப்பின் ஓரமாக வைப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள். மின்சாரக் கிரைண்டர் வருமுன் ஆட்டுக்கல்லில் அரைத்தவர்கள் அந்த வீட்டுப் பெண்களே. கல்லாவில் கணவன் உட்கார்ந்திருப்பான், கடை அவன் பெயரில் இருக்கும். ஆனால் கடையின் உயிர் உள்ளே புகையில் நின்றது. பள்ளிக்கூடம் போகுமுன் பிள்ளைகள் இலை போட்டு, தண்ணீர் வைத்துவிட்டுப் போவார்கள். குடும்பக் கடை என்றால் கூலி கொடுக்காத உழைப்பு என்பதை நாம் மறைக்கக் கூடாது. நான் சரக்குப் போட்ட கடைகளில் ஒன்றைக் கணவரை இழந்த ஒரு பெண் தனியாக நடத்தி, மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார்.

பற்று நோட்டு இல்லாத கடை கிடையாது. "எழுதிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சம்பள நாளன்று வந்து தீர்ப்பார்கள். 1930இல் கம்பெனி தொழிலாளரின் கைரேகையைப் பதிய முற்பட்டபோது தங்கவயலே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தங்களைக் குற்றவாளிபோல் நடத்துகிறார்கள் என்ற கொதிப்பு அது. அதே மனிதர்களுக்கு இட்டலிக் கடையில் முகமே போதிய சாட்சியாக இருந்தது. நோட்டில் முழுப் பெயர்கூட இருக்காது. 'மூணாவது லைன் மூக்குத்தி வீடு' என்று இருக்கும். அந்தக் கடன் பெரும்பாலும் வசூலாகிவிடும் என்பதற்கு எங்கள் பணம் தவறாமல் வந்ததே சாட்சி.

எனக்கு வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகாது. பெரிய ஓட்டலில் சொன்னால், "அதெல்லாம் மொத்தமா அரைச்சாச்சு சார்" என்பார்கள். இங்கே என் தலை தெரிந்தவுடன் தேங்காயும் பொட்டுக்கடலையும் தனியே அம்மிக்குப் போகும். பூரிக்குக் கிழங்கு வேண்டாம் என்றால் வெல்லப்பாகு வரும். வருகிறவனின் வயிறு இன்னதென்று தெரிந்து வைத்திருப்பதே குடும்பக் கடையின் இலக்கணம்.

ஒரே பெஞ்சு

இனி இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். உணவுக் கடை எல்லோருக்கும் பொதுவாக இருந்த காலம் நம் நாட்டில் நீண்டதன்று. சென்னை மாகாணத்தில் 'பிராமணாள் ஓட்டல்' பலகைகள் சாதாரணம். ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனியிடம் இருந்து, பெரியாரின் நெடிய எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பலகையிலிருந்து அச்சொல்லை நீக்கக் கோரித் திராவிடர் கழகம் நாள்கணக்கில் மறியல் நடத்தியது. கடைகள், பொது உணவு விடுதிகள் எவரையும் சாதியால் தடுக்கக் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 15ஆம் பிரிவு எழுதி வைத்தது. கிராமங்களில் தனிக்குவளை அதற்குப் பிறகும் போகவில்லை என்பதை நாம் அறிவோம்.

இந்தப் பின்னணியில் தங்கவயலைப் பாருங்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சிந்தனை வேர்பிடித்த ஊர் இது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழைப் பிற்காலத்தில் ஜி. அப்பாதுரையார் 1926இல் இங்கிருந்துதான் மீண்டும் நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சாம்பியன் ரீபின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டது. படித்து, எழுதி, சங்கம் வைத்த தொழிலாளர் சமூகம் அது. ஊரில் குவளையைத் தனியே தொங்கவிட்டிருந்த காலத்தில், இங்கே அதே மக்கள் தாங்களே கடை வைத்தார்கள். தங்கள் அடுப்பு, தங்கள் பெஞ்சு, தங்கள் கல்லா. சுரங்கத்தில் எடுத்த தங்கத்தில் ஒரு குன்றிமணியும் அவர்களுக்குச் சொந்தமில்லை. இந்தக் கடை சொந்தம்.

எங்கள் ஊர் வியாபாரிகளில் சிலர் சரக்கை இறக்கிவிட்டு, "சாப்பாடு பேட்டைல பாத்துக்கறோம்" என்று ராபர்ட்சன்பேட்டைக்கு நடையைக் கட்டுவார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். கடைக்காரர்களுக்கும் தெரியும். என் தகப்பனார் மட்டும் சரக்கை இறக்கிய கையோடு பெஞ்சில் உட்காருவார். "நம்ம அரிசி அவங்க சட்டியில வெந்தா தீட்டாயிடுமா?" என்று கேட்பார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

குடியேறிய ஊர்களில்

தங்கவயலுக்கு நேர்ந்தது பிழைக்கப் போன ஊர் எங்கும் ஏதோ ஒரு வடிவில் நேர்ந்திருக்கிறது. 1924இல் மையா சகோதரர்கள் பெங்களூரில் தொடங்கிய கடைதான் பின்னாளில் மாவள்ளி டிபன் ரூம்ஸ் ஆயிற்று. 1942இல் பர்மா விழுந்து அரிசி வரத்து நின்றபோது ரவையில் இட்டலி செய்து பார்த்தவர்கள் தாங்களே என்பது அக்குடும்பத்தார் கூற்று. மும்பை மாட்டுங்காவில் ராம நாயக்கின் உடுப்பி போர்டிங் 1942இல் வந்தது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947இல் வந்தது. வீடு விட்டு வந்தவனின் நாக்குக்கு இவை ஊர் ருசியைக் கொடுத்தன. மும்பை ஆலைத் தொழிலாளருக்குச் சமைத்துப் போட்ட கானாவளிப் பெண்கள் 1975இல் பிரேமா புரவ் தலைமையில் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்று ஒன்றுசேர்ந்து வங்கிக் கடன் பெற்றார்கள். அப்படி ஓர் அமைப்பு தங்கவயலின் கடைக்காரப் பெண்களுக்குக் கிடைத்திருந்தால் பின்னால் வந்த காலத்தைத் தாங்கியிருப்பார்கள்.

2001க்குப் பின்

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும் வந்தன. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த இடத்தில் சயனைடு மண்மேடுகள் மிஞ்சின. 2024 ஜூனில் 13 மேடுகளில் மறுபடி தங்கம் பிரிக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பலன் யாருக்கு என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

சங்கு நின்றவுடன் கடைகளின் கடிகாரமும் நின்றது. நான் சரக்குப் போட்ட கடைகளில் பாதி ஓரிரு ஆண்டில் பூட்டிக்கொண்டன. பற்று நோட்டுகளில் பல தீராமலே கிடந்தன. வாங்கியவர்கள் ஏமாற்றினார்கள் என்று எந்தக் கடைக்காரரும் சொல்லி நான் கேட்கவில்லை. "அவுங்களே இன்னா பண்ணுவாங்க" என்பார்கள், அவ்வளவுதான்.

மீதிக் கடைகள் வேறொரு கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டன. அது ரயில். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குத் தினமும் ஆயிரக்கணக்கானோர் மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம் நிலையங்களில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். விடியுமுன்பே வண்டி. தாத்தா பூமிக்குள் இறங்கப் போன அதே இருட்டில் பேரன் பெங்களூர் வண்டிக்குப் போகிறான். உட்கார்ந்து எட்டு இட்டலி சாப்பிட அவனுக்கு நேரமில்லை. நாலு இட்டலியைப் பொட்டலம் கட்டி வாங்கி, பெட்டியில் நின்றபடியே தின்கிறான். கடைக்காரம்மாவுக்கு அவன் வயிறு தெரிகிறது, முகத்தைப் பார்க்கத்தான் நேரம் போதவில்லை. அவருடைய மகனும் அதே வண்டியில்தான் போகிறான். கடையை அடுத்து யார் எடுப்பார்கள் என்று கேட்டால் சிரிக்கிறார்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் தங்கவயலோடு உறவுள்ளவர்கள் பலர் இருப்பார்கள். உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் பாட்டியோ அத்தையோ அங்கே கடை வைத்திருந்தால், எந்த லைனில், எந்த ஆண்டில், என்ன விலைக்கு என்ற விவரங்களை அவர்கள் வாயால் கேட்டு எழுதி வையுங்கள். பழைய பற்று நோட்டு கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள், அது ஓர் ஊரின் ஆவணம். அடுத்த மலரில் அவற்றைத் தொகுத்து வெளியிடலாம். இன்னொன்று, அந்தப் பக்கம் போகும்போது மண்மேட்டின்முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், ஊரிகத்தில் இறங்கி ஏதாவது ஒரு குடும்பக் கடையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் இட்டலி இருக்காது.